காசு போட்டு வாங்குன கிடார் கைக்கு ஒட்டல – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

நான் பாளையங்கோட்டைக்காரன், இப்போ பெங்களூர்ல ஐடி வேலை. பதிமூணு வயசுல சர்ச் கொயர்ல அக்கூஸ்டிக் கிடார் பிடிச்சவன். மூணு வருஷமா காசு சேத்து போன டிசம்பர்ல ஒரு லெஸ் பால் டைப் (கிப்சன் கம்பெனி கொண்டு வந்த ஷேப்) எலக்ட்ரிக் கிடார் வாங்குனேன், கம்பெனி பேரு வேண்டாம்ணா. சின்ன வயசுல இருந்து அந்த ஷேப் மேல ஆசை. ஆனா உண்மைய சொல்லணும்னா ஃப்ரெண்டோட பழைய ஸ்ட்ராட் டைப் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஷேப்) கிடார், என்னோடதுல கால்வாசி விலை கூட இல்ல, அத எடுத்து வாசிக்கிறப்போ வர்ற சந்தோஷம் இதுல வரவே மாட்டேங்குது. கார்டு பிடிச்சா லேசா சுருதி ஏறின மாதிரி கேக்குது. ஒரு மணி நேரம் நின்னு வாசிச்சா தோள் வலி. ஈசியா இருக்கட்டும்னு 9 செட் ஸ்ட்ரிங் (நம்பர் குறைஞ்சா கம்பி மெல்லிசு) போட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு. ஃப்ரெண்டு "பிராண்டெல்லாம் சும்மா பேருக்குத்தாண்டா"ங்கறான். வேற சிலர் "உனக்கு இன்னும் கை வரல, அதான்"ங்கறாங்க. வீட்ல சொல்லவும் முடியல, இவ்ளோ காசு போட்டுட்டு. எதுண்ணா உண்மை?

அன்புடன்,
ஒரு வாசகன்

---

அன்புள்ள தம்பி,

ரெண்டுமே உண்மை இல்ல. பிராண்டு வெறும் பேரும் இல்ல, உன் கையிலயும் குறை இல்ல. உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன், ஏன்னா நீ எழுதின ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அந்தக் காரணம் எல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல ரெண்டு பட்டறையில முடிவானது.

கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்னு ஒரு ஊரு. அங்க லியோ ஃபெண்டர்னு ஒருத்தர் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தார். அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா ரிப்பேர்காரர் மூளை அவருக்கு. ஒரு பொருள் கெட்டுப்போனா கழட்டி மாத்த முடியணும், அவ்ளோதான். அதனால 1950-ல அவர் கொண்டு வந்த கிடார்ல (அடுத்த வருஷம் அதுக்கு டெலிகாஸ்டர்னு பேராச்சு) நெக்க (விரல் வச்சு வாசிக்கிற கழுத்துப் பகுதிய) பசை போட்டு ஒட்டல, நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். உடம்பு ஒரு தட்டைப் பலகை. பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ கரண்ட் சிக்னலா மாத்துற பாகம்) சிங்கிள் காயில், அதனால சத்தம் பளிச்னு கூர்மையா வரும், அவர் கடைக்கு வந்துட்டு இருந்த கன்ட்ரி பாட்டுக்காரங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு. அந்தப் பலகையோட ஓரம் விலாவுல குத்துதுன்னு பில் கார்சன் மாதிரி வாசிக்கிறவங்க சொன்னாங்க, அவர் கேட்டார், 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தப்போ வயிறு படற இடத்தையும் கை சாயுற இடத்தையும் செதுக்கி விட்டிருந்தார். உன் ஃப்ரெண்டோட கிடார எடுத்தா உடம்போட உக்காந்துக்குதே, அது அன்னைக்கு அவங்க சொன்ன குறைக்குக் கிடைச்ச பதில்தான்.

கிப்சன் வேற வழியில வந்த வீடு. மிச்சிகன்ல கலமசூ, 1902-ல கம்பெனி. ஆர்வில் கிப்சன் மாண்டலின் செஞ்சவர், வயலின் மாதிரி மேல்பலகைய வளைவா செதுக்கினவர். அந்த ஆசாரி மனசு 1952-ல லெஸ் பால் வந்தப்பவும் போகல. மஹாகனி உடம்பு, மேல மேப்பிள் மரத்துல செதுக்கின வளைவு, நெக்க உடம்போட பசை வச்சு ஒட்டறது, ஹெட்ஸ்டாக்க (டியூனிங் கீ இருக்குற தலைப் பகுதிய) பின்னாடி சாய்ச்சு வைக்கிறது, எல்லாமே பழைய வாத்தியம் செய்யற முறை. கைவேலையா பாத்தா அழகுதான், மறுக்க முடியாது. ஆனா வயித்துப் பக்கம் செதுக்கி விடல, எடையும் பெரும்பாலும் 4 கிலோவுக்கு மேல. உன் தோள் வலி அங்க இருந்து வருது தம்பி. அகலமான ஸ்ட்ராப் போடு, 3 இஞ்சுக்குக் குறையாம, பாதி வலி அதுலயே போயிடும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். ஸ்கேல் லெங்த். நட்டுல (நெக் நுனியில ஸ்ட்ரிங் உக்காருற பள்ளம் வெட்டின கட்டை) இருந்து பிரிட்ஜ் (உடம்பு மேல ஸ்ட்ரிங் உக்காருற பாகம்) வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற நீளம். ஃபெண்டர்ல 25.5 இஞ்ச், கிப்சன் கேட்லாக்ல 24.75. முக்கால் இஞ்சுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா அதே ஸ்ட்ரிங், அதே சுருதி வச்சா நீளம் கம்மியான கிடார்ல இழுவிசை கிட்டத்தட்ட 6 சதவீதம் குறையும். ஸ்ட்ரிங் தளர்வா இருக்கும், பெண்ட் பண்ண (பக்கவாட்டுல இழுத்து சுருதி ஏத்த) சுலபம், அதுக்காகவே லெஸ் பால்தான் வேணும்னு உயிர விடறவங்க இருக்காங்க. நீ அந்த ஆள் இல்ல. நீ கொயர்ல அக்கூஸ்டிக் பிடிச்சு வளந்தவன், தடிச்ச 12 செட் ஸ்ட்ரிங்க ஞாயித்துக்கிழமை முழுக்க அமுக்கி அமுக்கி விரல் பழகிடுச்சு, அந்த அழுத்தத்தோட தளர்வான ஸ்ட்ரிங்க பிடிச்சா ஃப்ரெட்டுக்கு (நெக்குல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) மேல ஸ்ட்ரிங் கொஞ்சம் அதிகமா இழுபட்டு சுருதி ஏறும். நீ கேட்ட "லேசா ஏறின மாதிரி" அதுதான். உன் காது சரியாத்தான் கேட்டிருக்கு. அதுக்கு மேல நீ 9 செட் வேற போட்டுட்ட, 10-ல இருந்து 9-க்கு இறங்குனா கீழ இருக்குற மெல்லிசு ஈ ஸ்ட்ரிங்ல மட்டும் இழுவிசை இன்னொரு 19 சதவீதம் போயிடும். ஈசியாக்கறேன்னு நீ எதிர்ப்பக்கம் போயிருக்க. 11 செட் வாங்கிப் போடு. நட்டுல பள்ளம் பத்தலேன்னா செட்டப் பண்றவர்ட்ட குடுத்து கொஞ்சம் அராவி வாங்கிக்கோ, நீயா அராவாத.

இன்னொண்ணு, ஜி ஸ்ட்ரிங் அடிக்கடி இறங்குதான்னு பாரு. நீ எழுதல, ஆனா இருக்கும்னு நினைக்கிறேன். பக்கத்துக்கு மூணுன்னு டியூனிங் கீ வச்ச ஹெட்ஸ்டாக்ல ஸ்ட்ரிங் நட்டத் தாண்டினதும் பக்கவாட்டுல மடங்கித்தான் போகும், ஜி-யும் டி-யும் ரொம்ப மடங்கும், அதனால பள்ளத்துல சிக்கி நின்னுக்கும். ஃபெண்டர்ல ஆறு கீயும் ஒரே பக்கம், ஸ்ட்ரிங் நேர் கோட்டுல போகும். நட்டுப் பள்ளத்துல பென்சில் முனையத் தேய்ச்சு விடு, பழைய வைத்தியம், வேலை செய்யும்.

சத்தத்துக்கு வரலாம். சிங்கிள் காயில் பிக்கப் ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும்தான், அது ஸ்ட்ரிங்கோட அதிர்வ மட்டும் இல்லாம சுத்தி இருக்குற கரண்டோட இரைச்சலையும் பிடிக்கும். அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 50. எர்த் சரியில்லாத மண்டபம், மேடைக்கு மேல டிம்மர் லைட்டு, கீழ சீரியல் செட்டு, இந்த மாதிரி இடத்துல ஸ்ட்ராட் வாசிச்சவனுக்குத் தெரியும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல "ங்ங்ங்"னு ஒரு ரீங்காரம், பேசுறவர் பேச்சுக்குள்ளயே வந்து உக்காரும். 1955-ல கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கறவர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். ரெண்டு சுருள பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ண எதிர்த்திசையில இணைச்சு, அதோட காந்தத் துருவத்தையும் எதிரா திருப்பி வச்சா இரைச்சல் ஒண்ண ஒண்ணு வெட்டிக்கும், ஸ்ட்ரிங் சத்தம் மட்டும் கூடும். அதான் ஹம்பக்கர், 1957-ல இருந்து கிடார்கள்ல வர ஆரம்பிச்சுது. இரைச்சல் போனதோட டோனும் மாறிச்சு, மேல் பக்கத்துப் பளிச் குறைஞ்சு நடுப்பாகம் கொழுத்துச்சு. டிஸ்டார்ஷன் ஏத்தினா அந்தக் கொழுப்பு தேன் மாதிரி நீளும். ஆனா நீ என்ன வாசிக்கிறவன்? ஆராதனைப் பாட்டு. க்ளீன் டோன், டிலே (எதிரொலி எஃபெக்ட்) போட்டு மணி அடிச்ச மாதிரி சிதறணும், பாடுறவங்க குரலுக்கு வழி விடணும். அதுக்கு சிங்கிள் காயில் தானா வந்து பொருந்தும், ஹம்பக்கர்ல வேலை பண்ணி வரவழைக்கணும். வரும், வராம இல்ல. பிக்கப்ப ஸ்க்ரூ திருப்பி கொஞ்சம் இறக்கு, நடு பொசிஷன்ல ரெண்டு பிக்கப்பும் சேந்து ஓட விட்டுட்டு வால்யூம 7-க்கு வை. கேட்டுப் பாரு.

"கை வரல"ன்னு உன்கிட்ட சொன்னவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு இதுல கொஞ்சம் கோவமே வருது. லெட் செப்பலின் ராக் குழுவோட கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ்னாலே லெஸ் பால்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், போஸ்டர் எல்லாம் அப்படித்தான். ஆனா 1969-ல வந்த லெட் செப்பலினோட முதல் ஆல்பத்துல அவர் பெரும்பாலும் வாசிச்சது ஃபெண்டர் டெலிகாஸ்டர், இன்னொரு கிடாரிஸ்ட் ஜெஃப் பெக் குடுத்தது. அந்த கனமான சத்தத்தக் கேட்டு லெஸ் பால் வாங்க ஓடினவங்க எத்தனை பேரோ. இன்னொரு பெரிய ராக் கிடாரிஸ்ட் எரிக் கிளாப்டன் 1966-ல லெஸ் பால் வாசிச்சு பேர் வாங்கிட்டு அப்புறம் ஸ்ட்ராட்டுக்குப் போயிட்டார், 1970-ல பழைய ஸ்ட்ராட் சிலத வாங்கி மூணுல இருந்து நல்ல பாகமா எடுத்து ஒண்ணா கோத்து, அதையே வருஷக்கணக்கா வாசிச்சார். கை வராமலா போனார்?

அந்த லெஸ் பால் கதையே கேளு. 1958-ல இருந்து 60 வரைக்கும் செஞ்ச சன்பர்ஸ்ட் லெஸ் பாலுக்கு இன்னைக்கு வீடு வாங்குற விலை. ஆனா அன்னைக்கு சரியா விக்கல. கனமா இருக்கு, பழசா இருக்குன்னு ஆளுங்க ஒதுக்கிட்டாங்க, கம்பெனியே 1961-ல அந்த உடம்ப விட்டுட்டு மெல்லிசா கொம்பு வச்ச வேற ஷேப்புக்கு மாறிடுச்சு, இப்போ எஸ்ஜின்னு சொல்றோமே அது. இங்கிலாந்துல ப்ளூஸ் வாசிச்ச பசங்க செகண்ட் ஹேண்ட்ல அந்தப் பழைய லெஸ் பால எடுத்து ஆம்ப்ப முழுசா திறந்து வாசிச்சு ரெக்கார்டு போட்ட பிறகு கிராக்கி ஏறி, 1968-ல கம்பெனி திரும்ப செய்ய ஆரம்பிச்சுது. மரமும் அதே, கம்பியும் அதே. கேக்கற காது மாறிச்சு. உனக்கு சின்ன வயசுல வந்த ஆசையும் அப்படி ஒரு ரெக்கார்டுல இருந்துதான் வந்திருக்கும், அதுல தப்பே இல்ல, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா காதுல வந்த ஆசையும் கையில வந்த பழக்கமும் ஒரே வீட்டுக்குப் போகணும்னு கட்டாயம் இல்ல பாரு.

மத்த பிராண்டுங்களும் இப்படித்தான், ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் கைக்கு எழுதின பதில். ஜப்பான் இபனேஸ் நெக்க மெல்லிசாக்கி ஃப்ரெட்போர்ட தட்டையாக்குச்சு, வேகமா வாசிக்கிறவங்களுக்கு சொர்க்கம், கட்டை விரல மேல கொண்டு வந்து கார்டு பிடிக்கிறவனுக்கு பிடிமானமே கிடைக்காது. பழைய ஃபெண்டர் ஃப்ரெட்போர்டு 7.25 இஞ்ச் ரேடியஸ், நல்ல உருண்டை, பார் கார்டுக்கு (ஒரே விரலால பல ஸ்ட்ரிங்க சேத்து அமுக்கறது) சுகம், ஆனா மேல் ஃப்ரெட்டுல பெருசா பெண்ட் பண்ணா சத்தம் செத்துடும். பால் ரீட் ஸ்மித் 1985-ல ஆரம்பிச்சப்போ ஸ்கேல 25 இஞ்ச்னு ரெண்டுக்கும் நடுவுல வச்சார், சில பேருக்கு அது ரெண்டும் கிடைச்ச மாதிரி, சில பேருக்கு ரெண்டும் இல்லாத மாதிரி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கிடாரிஸ்ட் ஜான் மெக்லாக்லின்தான். 70-கள்ல சக்தி குழுவுல எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், இவங்களோட உக்காந்து வாசிக்கறப்போ சாதா கிடார்ல கமகம் எட்டல. வீணைய நினைச்சுப் பாரு, 24 மெட்டும் (வீணையோட ஃப்ரெட்டு) மெழுகுல உயரமா நிக்கும், கம்பிய பக்கவாட்டுல இழுத்தா ஒரே மெட்டுல நாலு ஸ்வரம் வரைக்கும் போகலாம், விரல் மரத்துல படாது. அவர் ஏப் வெக்டர்ங்கற கிடார் ஆசாரிகிட்ட சொல்லி, ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்த குழிவா சுரண்டின கிடார் ஒண்ணு செய்ய வச்சார், குறுக்க தனியா சுருதிக் கம்பிங்க வேற. கடையில இருக்குற எந்த பிராண்டும் அவர் கை கேட்டதக் குடுக்கல, கேட்டு செய்ய வச்சுக்கிட்டார். அவ்ளோ பெரிய கலைஞனே கிடாரத் தன் கைப்பக்கம் கொண்டு வந்திருக்கார்ங்கறப்போ நீ எதுக்கு குத்த உணர்ச்சியோட உக்காந்திருக்க?

அதுக்காக நாளைக்கே வித்துடாத. இப்போ வித்தா நஷ்டம், அதோட 9 செட் போட்ட நிலைமையில நீ அந்தக் கிடார சரியா கேக்கவே இல்ல. 11 செட், அகல ஸ்ட்ராப், நட்டுல பென்சில், பிக்கப் இறக்கறது, ஒரு நல்ல செட்டப், இவ்ளோத்தையும் செஞ்சு ரெண்டு மாசம் வாசி. விரல் அழுத்தத்தையும் குறைச்சுப் பழகு: கார்டு பிடிச்சுட்டு மெதுவா விரல தளர்த்திட்டே வா, சத்தம் கரகரன்னு ஆகற இடத்துக்கு ஒரு முடி அளவு முன்னாடி நிறுத்து, அவ்ளோ அழுத்தம் போதும். தினம் அஞ்சு நிமிஷம் இது மட்டும்.

மூணாவது மாசம் ஃப்ரெண்டுகிட்ட கேட்டு கிடார மாத்திக்கோங்க, உன்னோடது அவன்கிட்ட, அவனோடது உன்கிட்ட, முழுசா ஒரு மாசம், நடுவுல திருப்பிக் கேக்கக் கூடாது. அந்த மாசக் கடைசியில எந்தக் கிடார் இல்லாம கை தேடுச்சுன்னு எனக்கு எழுது. ஃப்ரெண்டையும் தனியா எழுதச் சொல்லு, பிராண்டெல்லாம் பேருக்குத்தான்னு சொன்னவன் ஒரு மாசம் லெஸ் பால் வச்சிருந்துட்டு என்ன சொல்றான்னு தெரிஞ்சுக்கணும் எனக்கு.

அன்புடன்,
அண்ணன்