குளிர்காலம் முடிந்து கேம்பர் வண்டியின் தண்ணீர்க் குழாய்களை எப்படித் தயார் செய்வது?

ஒன்டாரியோ குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க ஊற்றிவைத்த இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை முதலில் வெளியேற்ற வேண்டும். நிறமும் நுரையும் போகும்வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து நல்ல தண்ணீரை ஓடவிடுங்கள். ஷவரும் டாய்லெட்டும்தான் பலருக்கு மறந்துபோகும்.

அடுத்து, குளிர்காலத்தில் வாட்டர் ஹீட்டருக்குள் எதுவும் போகாமல் தடுத்துவைத்த பைபாஸ் வால்வை, தண்ணீர் உள்ளே போகும்படி திருப்புங்கள். வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். ஹீட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால், சூடாக்கும் எலிமென்ட் எரிந்துவிடும்.

அப்புறம் கிருமிநீக்கம். 60 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு 60 மில்லி வாசனையில்லாத ப்ளீச். வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். எல்லாக் குழாயிலும் வாடை வந்ததும் மூடி, 12 மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள்.

குழாய்களை மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது 'டுர்ர்' என்றால் எங்கோ கசிகிறது. சிங்க்குக்கு அடியில் கைவைத்துத் தடவிப் பாருங்கள்.