ஒற்றை கோரா, பல கோரா? கட்டட மின்கேபிள் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரிலிருந்து மெயின் பேனலுக்கு அலுமினிய கேபிள் இழுக்கவிருக்கிறோம். ஒற்றை கோர் போடுவதா, மூன்றரை கோர் போடுவதா?

பதில்: ஒற்றை கோர் என்றால் கேபிளுக்குள் ஒரே கடத்தி; மூன்றரை கோர் என்றால் மூன்று ஃபேஸ் கடத்திகளும், பாதி அளவு நியூட்ரலும். 433 வோல்ட்டில் முழுச் சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர். 300 சதுர மி.மீ. மூன்றரை கோர் ஆர்மர் (உலோகக் கவசம்) கேபிள் இரண்டு ரன், அதாவது இணையாக இரண்டு கேபிள், போடலாம். ட்ரேயில் மற்ற கேபிள்களோடு நெருங்கிக் கிடக்குமானால் மூன்றாவது ரன்னும் தேவைப்படும். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்மருக்குள் செல்லும்போது அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், இந்த அளவுக்குப் பல கோரே நல்லது. 1000 கேவிஏ, அதாவது 1,333 ஆம்பியர் என்று போனால் ரன்கள் பெருகி, தடித்த கேபிளை வளைக்கவும் லக் (முனை இணைப்பான்) மாட்டவும் பேனலில் இடமிருக்காது. ஒற்றை கோருக்கு அங்கேதான் வேலை. அப்போது ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கேபிள்களையும் முக்கோணமாகச் சேர்த்து கிளாம்ப் போடுங்கள். ஆர் கேபிள்களையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கினால் ரன்களுக்கிடையே மின்னோட்டம் சமமாகப் பிரியாது. எதைச் செய்தாலும், ஒரு சர்க்யூட்டின் கம்பிகளை இரும்பால் பிரிக்காதீர்கள்.

கேள்வி: கணினிகள் நிறைந்த அலுவலகத்துக்கு மூன்றரை கோர் போதுமா?

பதில்: போதாது. 300 சதுர மி.மீ. மூன்றரை கோரில் நியூட்ரல் 150 மட்டுமே. கணினி, யூபிஎஸ், எல்இடி விளக்கு ஆகியவை உண்டாக்கும் மூன்றாம் ஹார்மானிக் (மும்மடங்கு அதிர்வெண்) மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஈடாகாமல் ஒன்றுகூடுகின்றன. முழு நியூட்ரலுள்ள நான்கு கோர் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்கு எது நல்லது?

பதில்: பைப்புக்குள் ஒற்றை கோர் செம்பு வயர். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ.

கேள்வி: ஒற்றை கோர் கேபிளுக்குப் பித்தளை கிளாண்ட் (கேபிளைப் பேனலில் இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) போட்டுவிட்டால், கேபிள் நுழையும் துளைகளுள்ள கிளாண்ட் பிளேட் இரும்பாக இருந்தாலென்ன?

பதில்: கிளாண்ட் எதுவாயினும் பயனில்லை. மூன்று ஃபேஸும் தனித்தனித் துளைகளில் நுழையும்போது, ஒவ்வொரு துளையைச் சுற்றியுள்ள இரும்பும் மூடிய காந்தப் பாதையாகிறது; அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து பிளேட் சூடாகிறது. துளையைச் சுற்றிப் பெயின்ட் பழுப்பேறி, கை வைக்க முடியாத சூட்டிலிருந்த பிளேட்டைக் கண்டிருக்கிறேன். ஆனால் அரை மீட்டர் கீழே கேபிள் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அலுமினிய பிளேட் மாற்றியதும் அந்தச் சூடு நின்றது.

கேள்வி: பல ஆண்டுகளாக இரும்பு பிளேட்தான் போட்டு வருகிறோம், எதுவும் ஆகவில்லையே?

பதில்: உங்கள் கட்டடங்கள் பாதிச் சுமையில் ஓடியிருக்கும். இந்த வெப்பம் மின்னோட்டத்தைவிட வேகமாக ஏறுவதால், பாதிச் சுமையில் தொட்டுப் பார்த்து முழுச் சுமையைக் கணிக்க முடியாது. கோடையில் எல்லா ஏசியும் ஓடும் பிற்பகலில் அளந்து பாருங்கள். மாற்றுவதற்கு வழியே இல்லையென்றால், துளைகளை இணைத்து வெட்டுவாய் போடுங்கள். காந்தப் பாதை அறுபட்டு வெப்பம் வெகுவாகக் குறையும். இதே காரணத்தால்தான், மாறுதிசை மின்சாரத்துக்கான ஒற்றை கோர் கேபிளின் ஆர்மர் காந்தத் தன்மையற்றதாக இருக்கவேண்டுமென்று இந்தியத் தரநிலையான ஐஎஸ் 7098 முதல் பகுதி விதிக்கிறது. ஆர்மருக்குப் பொருந்துவது பிளேட்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட் போடலாமா?

பதில்: போடலாம், அது பெரும்பாலும் காந்தத் தன்மையற்றது. ஆனால் துளையிடுவது கடினம். அலுமினியத்தில் வேலை எளிது.

கேள்வி: வீட்டுக்கு எத்தனை சதுர மி.மீ. வயர்?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஒற்றை கோர் நியூட்ரலை மட்டும் தனி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. இரும்பால் பிரிக்கக் கூடாது என்று சொன்னது நியூட்ரலுக்கும் சேர்த்துத்தான். அதை ஃபேஸ் முக்கோணத்தை ஒட்டியே கட்டுங்கள்.