கிணற்றுக்குள் நுரை எதற்கு?

கேள்வி: எண்ணெய்க் கிணற்றில் கரியமில வாயுவை நுரையாக்கி விடுகிறார்களாமே, வாயுவாகவே விட்டால் ஆகாதா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: விடலாமே! பாறையில் தங்கிய எண்ணெயை வெளியே தள்ளத்தான் இந்த வாயு; அமெரிக்காவின் டெக்சஸில் 1972லேயே பெரிய அளவில் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வாயு ரொம்ப நீர்த்தது, லேசானது. பாறையில் அகலமான வழி எதுவோ அதில் புகுந்து, எண்ணெயைத் தொடாமலே அடுத்த கிணற்றில் வெளியேறிவிடும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தடுப்பு வைத்ததும் கூட்டம் சந்துக்குள் திரும்புமே, நுரையும் அப்படித்தான் வாயுவை எண்ணெய் தங்கிய நுண்துளைப் பக்கம் திருப்பும். சோப்பு இனத்து ரசாயனம் கலந்த நீரும் வாயுவும் மாறி மாறிப் போய், பாறைக்குள் நுரையாகும். (வீட்டு சோப்பு உப்புநீரில் திரிந்துவிடும்!) ஆய்வகத்தில் நாங்கள் குடுவையைக் குலுக்கிவிட்டு, நுரை அடங்கும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சட்டென்று உடைந்துவிடும். ரசாயனத்தில் ஒரு பங்கைப் பாறையும் பிடித்துக்கொள்ளும். செலவு இடிப்பது அங்கேதான்.