இது பழைய கதை அல்ல

கேள்வி: செர்பியா, போஸ்னியா போன்ற பால்கன் நாடுகளில் போர் ஓய்ந்து கால் நூற்றாண்டாகிறது. தேர்தல் நடக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வரிசையில் நிற்கிறார்கள். இன்னமும் ‘அங்கே பத்திரிகை சுதந்திரம் இல்லை’ என்று எழுதுகிறீர்களே, அது பழைய கதை அல்லவா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சரி, பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1999 ஏப்ரல் 11, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறு. செர்பியா மீது அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணி குண்டு வீசிக்கொண்டிருந்த நேரம். அரசை விமர்சித்துவந்த ‘ட்னெவ்னி டெலகிராஃப்’ நாளிதழை நடத்திய ஸ்லாவ்கோ சுருவியா, தன் துணைவியுடன் வெளியே போய்விட்டு தலைநகர் பெல்கிரேடில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறார். அடுக்குமாடிக் கட்டட வாசலில் வைத்து, பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள். கூட வந்த பெண்ணைத் துப்பாக்கியால் தலையில் அடித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான், அவர் நேட்டோ குண்டுகளை வரவேற்றவர் என்று பழி சுமத்திய கட்டுரையை அரசுத் தொலைக்காட்சி செய்தியில் வாசித்திருந்தது.

அன்று செர்பிய அரசின் உளவுத்துறை ஆட்கள் அவர் பின்னாலேயே போனார்கள். எங்கே சாப்பிட்டார், எப்போது கிளம்பினார் என்று மணி போட்டு எழுதினார்கள். கொலைக்குச் சில நிமிடங்கள் முன்பு அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பேடு பின்னாளில் வெளியே வந்தது. படித்தால் வயிறு கலங்கும்.

உளவுத்துறையைச் சேர்ந்த நான்கு பேர் மீது வழக்கு. 2019-இலும், மறுவிசாரணைக்குப் பின் 2021-இலும் கீழ் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. நால்வருக்கும் சேர்த்து 100 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் நால்வரும் விடுதலை. அது வெளியே தெரிந்ததே 2024 பிப்ரவரியில்தான். இது பழைய கதையா?

அப்புறம் இன்னொன்று. சுருவியாவின் பத்திரிகைக்குப் பெரும் அபராதம் போட உதவிய 1998-ஆம் ஆண்டுத் தகவல் சட்டம் (ஊடகங்களுக்கான சட்டம்) வந்தபோது செர்பியாவின் தகவல் அமைச்சர் அலெக்சாண்டர் வூச்சிச். நீங்கள் சொல்லும் தேர்தல் வழியாகவே 2017-இல் அவர் நாட்டின் அதிபரானார்.

அவர் ஆட்சியில், 2024 பிப்ரவரியில் ஸ்லாவிஷா மிலனோவ் என்ற நிருபரை போலீசார் காரை மறித்து நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். செல்போனை வாங்கி வைத்தார்கள். திரும்பக் கிடைத்தபோது அதில் இணைய இணைப்பு அணைக்கப்பட்டிருந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் நிபுணர்கள் சோதித்தபோது, போனின் பூட்டை உடைத்து உளவு மென்பொருள் ஏற்றியிருந்தது தெரிந்தது. பக்கத்தில் போஸ்னியாவின் செர்பியர் பகுதியான ரிபப்ளிகா செர்ப்ஸ்காவில், 2023-இல் அவதூறை மறுபடி குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11 வந்தால் பெல்கிரேட் பத்திரிகையாளர்கள் அந்த வாசலில் கூடி மலர் வைக்கிறார்கள். சுட்டது யார் என்பதற்கு நீதிமன்றத்திடமிருந்து அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை நான் எழுதுவேன்.