புதுத் தொட்டியில் பழுப்பு படிகிறது, கட்டையை எடுத்துவிடலாமா?

கேள்வி: ஐயா, குரோம்பேட்டையில் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி, இரண்டு வருடமாக கப்பி, மாலி வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக வீட்டுக்குள் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, கொளத்தூரில் வாங்கிய மரக்கட்டையையும் போட்டேன். போர் தண்ணீர்தான். மூன்று வாரத்தில் கண்ணாடி, மணல், செடி எல்லாவற்றிலும் பழுப்பாகப் படிந்துவிட்டது. தண்ணீர் டீ நிறம். கட்டை மேல் வெள்ளையாகச் சளி போல் இருக்கிறது. இரண்டு முறை மொத்தத் தண்ணீரையும் கொட்டி, மணலையும் ஃபில்டர் ஸ்பான்ஜையும் குழாயடியில் கழுவினேன். ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. முந்தாநாள் இரண்டு மாலி செத்துவிட்டன. கட்டையை எறிந்துவிடலாமா? நீல மருந்து ஊற்றலாமா?

பதில்: அம்மா, கட்டையை எறிய வேண்டாம், மருந்தும் வேண்டாம். மூன்றாவது தடவை தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மாலிகள் செத்ததற்குக் காரணம் அந்தப் பழுப்பாக இருக்காது. அதைப் போக்கக் கழுவிய கழுவல்தான் காரணமாக இருக்க வேண்டும்.

மீன் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பான்ஜிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் இரண்டு முறையும் அதைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டீர்கள். மேலும் நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடு பெரும்பாலும் 28, 30 டிகிரி இருக்கும்; போர் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில, கார அளவு, பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான் இருக்கும். சூடும் பி.எச்.சும் கூடக்கூட அதே அளவு அம்மோனியா மீனுக்கு இன்னும் விஷமாகிறது. மீதி மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா, செவுள் சிவந்திருக்கிறதா பாருங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அதில் அம்மோனியா இருப்பது தெரிந்தால் இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அளவு பூஜ்யத்துக்கு வரும் வரை தினமும் இதையே செய்யுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

இதற்கு நல்ல மருந்து உங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. இரண்டு வருடம் ஓடிய சிமென்ட் தொட்டியில் ஸ்பான்ஜ் ஃபில்டர் இருந்தால், அதில் ஒன்றை அப்படியே தூக்கி வந்து இந்தத் தொட்டியில் வையுங்கள். பழகிய பாக்டீரியா முழுதாக வந்து சேரும். அந்தத் தொட்டியில் நோய் கண்ட மீன் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீல மருந்தை நான் வேண்டாம் என்றதும் இதனால்தான்: மெத்திலின் ப்ளூ இந்தப் பாக்டீரியாவையும் கெடுத்துவிடும், பழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பழுப்புக்கு வருவோம். உங்கள் தொட்டியில் இருப்பது இரண்டு வேறு பழுப்பு. ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு பாருங்கள். டீ நிறத்தில், ஆனால் தெளிவாக இருந்தால் அது கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்னும் சாயம். கண்ணாடியை விரலால் துடைத்துப் பாருங்கள். மாவு போல உடனே வந்துவிட்டால் அது டயாட்டம் என்னும் ஒரு செல் பாசி.

டயாட்டம் தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்ளும். உங்கள் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் சார்னோக்கைட் பாறைப் பகுதி. பாறை இடுக்கில் ஊறி வரும் போர் தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்கும். புது மணலிலிருந்தும் கொஞ்சம் வரும். நீங்கள் மொத்தத் தண்ணீரையும் மாற்றிய ஒவ்வொரு முறையும் அதற்குப் புதிதாகத் தீனி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிட்டால், செடிகள் வேர்பிடித்துத் தொட்டி பழகியதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தானே குறையும். அதுவரை வாரம் ஒருமுறை கண்ணாடியை ஸ்பான்ஜால் துடைத்து, மணல் மேல் படிந்ததைக் குழாய் விட்டு உறிஞ்சி, கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். விளக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். நெரைட் நத்தை மூன்று நாலு விட்டால் நன்றாக மேயும். கடையில் சக்கர் மீன் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். பிறகு ஏரியில் விடத் தோன்றும். அப்படி விட்டதுதான் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது.

போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு வாளியில் இரவு முழுக்க வைத்தால் காலையில் அடியில் துரு நிறத்தில் படியும். அப்படிப் படிந்தால், ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு எடுங்கள். மாடி டேங்க் தண்ணீரைக் காலையிலேயே பிடித்துவிட வேண்டும், மதியத்தில் அது கொதிக்கும்.

டானினால் மீனுக்குக் கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன் வளர்க்கிறவர்கள் தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைத் தேடி எடுத்துத் தொட்டியில் போடுகிறார்களே, அதிலிருந்து இறங்குவதும் இதே சாயம்தான். பி.எச். கொஞ்சம் இறங்கலாம், ஆனால் உங்கள் போர் தண்ணீரில் அது தெரியாத அளவுதான். வாங்க வருகிறவர்களுக்கு மீனின் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் உங்களுக்கு அது வேண்டாம், அது நியாயமே. கட்டையை மட்டும் வெளியே எடுத்து, பெரிய அண்டாவில் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, பிறகு பக்கெட்டில் ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். பத்துப் பதினைந்து நாளில் சாயம் வெளுக்கும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று வைத்தால் மிச்ச நிறத்தையும் இழுத்துக்கொள்ளும். அதை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். நாளாக நாளாகக் கட்டை கறுப்பதும் இயல்புதான்.

வெள்ளைச் சளி, கட்டையில் மிஞ்சிய சத்தைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். பழைய டூத் பிரஷால் தேய்த்து விடுங்கள், சில வாரத்தில் நின்றுவிடும். மாலிகளே கொத்தித் தின்னும்.

கட்டையை எறிய வேண்டிய நிலையும் உண்டு. கத்தி முனையால் அழுத்தினால் பஞ்சு போல் உள்ளே போகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.