180 வீட்டுக்கு ஒரு அடையாளம்: லோகோவுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

வந்த கேள்வி இது. 180 வீடு இருக்கிற குடியிருப்பு, மூணு கட்டமா கட்டினது, ஒவ்வொரு கட்டத்துலயும் போர்டு வேற, எழுத்து வேற, கலர் வேற, பார்சல் கொண்டு வர்றவங்க பாதி நேரம் போன் பண்ணி வழி கேட்டுக்கிட்டே சுத்துறாங்க. புது கமிட்டி "நமக்குன்னு ஒரு பிராண்ட் அடையாளம் வேணும்"னு முடிவு பண்ணி ஒரு டிசைனர்கிட்ட குடுத்திருக்காங்க, அவர் மூணு லோகோ போட்டு அனுப்ப, அதை வாட்ஸ்அப் குரூப்ல போட்டதுல இருந்து ஒரே சண்டை. எங்க ஆரம்பிக்கணும், எதுல காசு போடணும்னு கேட்டிருக்கீங்க.

அந்த மூணு லோகோவையும் கொஞ்ச நாள் ஓரமா வைங்க. அது மோசம்னு சொல்லல, நான் இன்னும் பாக்கவே இல்ல. ஆனா இந்த வேலையில லோகோ கடைசியா வர வேண்டியது. ஒரு ஊரோட பிராண்டுன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது டிசைனர் மில்டன் கிளேசர் 1977ல நியூயார்க் மாநிலத்துக்குப் போட்ட 'ஐ லவ் நியூயார்க்' சிவப்பு இதயம், இல்லைன்னா 2004ல வந்த 'ஐ ஆம்ஸ்டர்டாம்'ங்கிற வாசகம். ரெண்டுமே வெளியாட்களை ஊருக்கு இழுக்கப் போட்டது. ஆம்ஸ்டர்டாம்ல அந்த வாசகத்தைப் பெரிய பெரிய எழுத்துகளா நிறுத்தி வச்சிருந்ததை மியூசியம் சதுக்கத்துல இருந்து 2018 டிசம்பர்ல எடுத்தே போட்டாங்க, படம் எடுக்க வர்ற கூட்டம் தாங்கலைங்கிறது அதுல ஒரு பெரிய காரணம். உங்களுக்கு யாரையும் இழுக்க வேண்டியதில்ல, உள்ள இருக்கிறவங்களுக்கு "இது நம்ம இடம்"னு தோணணும், தேடி வர்றவங்களுக்கு சரியான வாசல் கிடைக்கணும், அவ்வளவுதான் வேலை.

அதனால முதல் செலவு பேப்பரும் பென்சிலும். கெவின் லிஞ்ச்னு ஒரு நகரத் திட்ட அறிஞர், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் மூணு ஊர்லயும் மக்களை உக்கார வச்சு அவங்க ஊரை ஞாபகத்துல இருந்து வரையச் சொல்லி, அதுல இருந்து 1960ல ஒரு விஷயம் சொன்னார். ஜனங்க மனசுல ஒரு ஊர் அஞ்சு விஷயமா பதியுது: நடக்கிற பாதைகள், எல்லைகள், தனித்தனியா தெரியிற பகுதிகள், கூடுற சந்திப்புகள், கண்ணுல படுற அடையாளங்கள். இதையே நீங்களும் பண்ணுங்க. ஒரு இருபது முப்பது பேர் போதும், ஆனா கமிட்டி ஆளுங்க மட்டும் வரைஞ்சா பிரயோஜனம் இல்ல, பள்ளிக்கூடப் பசங்க, வயசானவங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்க, செக்யூரிட்டி, வாடகைக்கு வந்து ரெண்டு மாசமே ஆனவங்க எல்லாரும் வரையணும், நல்லா வரையணும்னு அவசியமே இல்ல, கோணல் மாணலா இருந்தாலும் சரி.

எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சுப் பாருங்க, உங்க பிரச்சனை அங்கேயே கண்ணுக்குத் தெரியும். எல்லாரும் வரைஞ்ச ஒரு மரமோ தண்ணி டேங்கோ படிக்கட்டோ இருக்கும், அதுதான் உங்க உண்மையான சின்னம், அது பில்டர் குடுத்த பேர்லயோ நுழைவாயில் வளைவுலயோ இருக்காது பெரும்பாலும். யாருமே வரையாத ஒரு மூலை இருக்கும், மூணாவது கட்டம்னு நான் நினைக்கிறேன், அங்கதான் ஆட்கள் வழி தொலைக்கிறாங்க. பேரையும் கவனிங்க. பில்டர் வச்ச பேரை போர்டுல எழுதி வச்சுட்டு எல்லாரும் வேற பேர் சொல்லிக்கிட்டு இருந்தா, வாயில இருக்கிற பேருக்கே போர்டை மாத்துங்க, ஜனங்களைத் திருத்தப் பாக்காதீங்க. (பதிவுப் பத்திரத்துல இருக்கிற பேர் அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்.)

அடுத்தது நம்பர். இதை பிராண்டிங்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா என்னைக் கேட்டா உங்க காசுல பெரும்பகுதி இங்கதான் போகணும். சிங்கப்பூர் அரசுக் குடியிருப்புகள்ல பிளாக் நம்பரை சுவத்துல தூரத்துல இருந்தே தெரியிற மாதிரி பிரம்மாண்டமா எழுதி வச்சிருப்பாங்க, அந்த நம்பரே அந்த இடத்தோட முகம் ஆயிடுச்சு. உங்க மூணு கட்டத்துலயும் 1, 2, 3ன்னு திரும்பத் திரும்ப ஆரம்பிச்சிருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும்போது அழகான லோகோ ஒண்ணும் செய்யாது.

எழுத்து அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்க சாலைப் பலகை விதிகள்ல ஒரு இன்ச் உயர எழுத்து 30 அடி தூரத்துல இருந்து படிக்க முடியும்னு வச்சிருக்காங்க, அதாவது 25 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 9 மீட்டர். மூணு இன்ச் எழுத்துன்னா 27 மீட்டர், 30 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டிக்கு அது சுமார் மூணு செகண்ட் அவகாசம். இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழ் எழுத்துல உள்ள சுழி, கொம்பு, மேல புள்ளி எல்லாம் இருக்கிறதால நான் எப்பவும் ஒரு படி பெருசாவே வைக்கச் சொல்வேன், அதோட ரொம்பத் தடிமனான ஃபாண்ட் வேண்டாம், தூரத்துல ணையும் னையும் ஒண்ணா அடைச்சுக்கும், புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மாதிரி இலவசமா, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்னு உரிமத்தோட கிடைக்கிற ஃபாண்ட் இருக்கு. ஒண்ணே ஒண்ணு தேர்ந்தெடுத்து போர்டு, நோட்டீஸ், ரசீது, குரூப் அறிவிப்பு எல்லாத்துலயும் அதையே போடுங்க. லண்டன் சுரங்க ரயிலுக்கு எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916ல குடுத்த எழுத்து, கொஞ்சம் திருத்தங்களோட இன்னைக்கும் ஓடுது, அந்த ரயிலோட சின்னமான வட்டமும் பட்டையும் மறைஞ்சு இருந்தாலும் அந்த எழுத்தைப் பாத்தே அது எந்த இடம்னு ஆட்கள் சொல்லிடுவாங்க.

கலர் விஷயத்துல சுருக்கமா சொல்றேன். மூணு கட்டத்துக்கும் மூணு கலர் குடுக்கலாம், நல்ல யோசனைதான், ஆனா சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வேண்டாம், அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாத ஆண்கள் நிறைய பேர் இருக்காங்க (ஐரோப்பிய வம்சாவளியில 12ல ஒருத்தர்னு கணக்கு), அதோட கலரை மட்டும் நம்பாம எழுத்தோ வடிவமோ சேர்த்து வைங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3க்கு 1 போதும், இதை அளக்க இலவச கருவிகள் ஆன்லைன்ல இருக்கு. வெயில் படுற இடத்துல சாதாரண பிரிண்ட்ல சிவப்பும் மஞ்சளும்தான் முதல்ல வெளுக்கும், அதனால முக்கியமான எழுத்தை அந்த கலர்ல போடாதீங்க. பாரிஸ் தெருப் பலகை நீலப் பின்னணியில வெள்ளை எழுத்து, பச்சை ஓரம், எனாமல் பூச்சு, அதனாலதான் அது அவ்வளவு காலம் அப்படியே நிக்குது.

இப்ப சின்னத்துக்கு வரலாம். ஒரே லோகோவுல 180 வீட்டையும் அடைக்கணும்னு நினைக்கிறதுதான் சண்டைக்குக் காரணம். போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்துக்கு 2014ல ஒரு அடையாளம் செஞ்சாங்க, நகரத்தோட பேர் ஒண்ணு மட்டும் நிலையா இருக்கும், அதுகூட அந்த ஊர் நீல ஓடுகளைப் பாத்துப் போட்ட எழுபதுக்கும் மேல சின்னச் சின்னப் படங்கள், பாலம், டிராம், கோபுரம்னு, சேர்த்துச் சேர்த்து எப்படி வேணா அடுக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க போர்ட்டோ வேறங்கிறதை ஒத்துக்கிட்ட வேலை அது. உங்களுக்கு எழுபது வேண்டாம், அந்தப் பென்சில் வரைபடங்கள்ல அதிகமா வந்த ஆறேழு விஷயம் போதும், எல்லாம் ஒரே கோட்டுத் தடிமன்ல, ஒரே அளவு பெட்டிக்குள்ள. மரத்தை வரைஞ்சவருக்கு மரம் இருக்கு, படிக்கட்டுல விளையாடுற பிள்ளைக்குப் படிக்கட்டு இருக்கு.

ஓட்டெடுப்பு வைக்காதீங்க. அதாவது "எந்த லோகோ பிடிச்சிருக்கு"ன்னு வைக்காதீங்க, அதுக்கு எல்லார்கிட்டயும் பதில் இருக்கும், ஒருத்தர் பதிலும் உதவாது. எது நம்ம இடத்தோட அடையாளம், எந்தப் பேர் நிக்கணும், இதுக்கு எல்லார்கிட்டயும் கேளுங்க, அது அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். வடிவத்தை முடிவு பண்ண மூணு பேர் போதும். முடிவான டிசைனை உடனே மெட்டல்ல அடிச்சுடாம நிஜ அளவுல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, அந்தந்த இடத்துல ரெண்டு வாரம் ஒட்டி வச்சு, புதுசா வர்ற ஒருத்தரை வழி கேக்காம வீடு கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்க. அவர் எங்க தயங்கி நிக்கிறாரோ அந்த இடத்துக்கு ஒரு போர்டு வேணும். வாசல்ல வைக்கிற வரைபடம், அது முன்னாடி நிக்கிறவர் பாக்கிற திசை மேல வர்ற மாதிரி இருக்கட்டும், வடக்கு மேல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, லண்டன் நடைபாதை வரைபடங்கள் இப்படித்தான் இருக்கு.

டிசைனருக்கு, இதுவரை செஞ்ச வேலைக்குப் பேசின பணத்தைக் குடுத்துடுங்க, தப்பு அவர்மேல இல்ல, அவருக்கு நீங்க குடுத்த விவரம் பத்தல. இனிமே அவர்கிட்ட கேக்க வேண்டியது இதெல்லாம்: பேரை எழுதுற விதம், ஒரு ஃபாண்ட், மூணு நாலு கலர் (ஸ்கிரீனுக்கு, பிரிண்டுக்கு, பெயின்டுக்கு தனித்தனி நம்பரோட), ஆறேழு படங்கள், நாலு வகை போர்டு அளவோட, எல்லாம் வெக்டர் ஃபைலா (எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வகை ஃபைல்). படம் ஒவ்வொண்ணும் ரப்பர் ஸ்டாம்புல ஒரே கலர்ல வந்தாலும் புரியணும், போன்ல குரூப் டிபி வட்டத்துல வச்சாலும் புரியணும். உரிமை சங்கத்தோட பேருக்கு மாறும்னு எழுத்துல வாங்கிக்கங்க, இதை விட்டுட்டா அடுத்த கமிட்டி ஒரு போர்டு மாத்தணும்னாலும் அவரைத் தேடிப் போக வேண்டி வரும். ஃபைல் எல்லாம் தனி ஆள் லேப்டாப்ல இல்லாம சங்கத்து மெயில் ஐடியில இருக்கட்டும்.