வாசகர் கேள்வி – பதில்: ரோமா பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாமா?

கேள்வி: என் மகன் ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் நகரில் பொறியியல் படிக்கிறான். பக்கத்துக் கிராமத்திலுள்ள, ‘ஜிப்சிகள்’ என்று வெளியார் அழைக்கும் ரோமா இனத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தரும் மாணவர் குழுவில் சேர அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராக இருந்தவள். வறுமையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் தேவை ஆங்கிலம்தானா என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் போகலாமா?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: போகலாம், ஆனால் ஒரு கல்வியாண்டு முழுவதும் தவறாமல் போக முடியுமானால் மட்டும் போகட்டும். பருவத்துக்கு ஒரு புதிய முகம் வந்து, மீண்டும் மீண்டும் எழுத்துகளிலிருந்தே தொடங்கிவிட்டு மறைவதால் பிள்ளைகளுக்கு யாதொரு பயனும் இல்லை.

ஆங்கிலம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஹங்கேரியில் மேல்நிலைக் கல்வியின் முடிவில் எழுதும் பொதுத்தேர்வில் ஹங்கேரிய மொழி, வரலாறு, கணிதம் ஆகியவற்றோடு ஓர் அயல்மொழியும் கட்டாயப் பாடம். அந்தத் தேர்வில் தேறாமல் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இதற்காகத் தனியே டியூஷன் போகிறார்கள், ரோமா குடும்பங்களில் பலவற்றுக்கு அது எட்டாது. போதாக்குறைக்கு, கட்டாயக் கல்வியின் வயது வரம்பை 18-இலிருந்து 16-ஆக அந்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைத்துவிட்டதால், தேர்வு வரை போகாமலே படிப்பை விடுவது எளிதாகிவிட்டது. எனவே தங்கள் மகன் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அயல்மொழி ஆங்கிலமா ஜெர்மனா என்பதைத்தான், ஏனெனில் அங்கே இரண்டுமே கற்பிக்கப்படுகின்றன. ஜெர்மன் படிக்கும் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஆங்கிலம் பொழுதுபோக்காக இருக்குமே தவிர, தேர்வுக்கு உதவாது. ஆங்கிலம்தான் என்றால் பள்ளிப் பாடநூலையே கையில் எடுத்துக்கொண்டு, அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடத்திலிருந்து தொடங்குவதே முறை.

இந்த வகுப்பால் தீராதது ஒன்றும் உண்டு. ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் கிழக்கு ஐரோப்பாவில் இன்னும் ஒழியவில்லை. செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளில் சேர்த்தது பாகுபாடே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஹங்கேரியிலேயே ஜியோன்ஜியோஷ்பட்டா என்னும் ஊரில் ஆண்டுக்கணக்கில் தனியாக உட்காரவைக்கப்பட்ட சுமார் 60 பேருக்கு 9 கோடியே 90 லட்சம் ஃபோரின்ட் (ஹங்கேரி நாணயம்) இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. பெற்றோரும் வழக்கறிஞர்களும் நடத்த வேண்டிய அந்தப் போராட்டத்துக்குச் சனிக்கிழமை வகுப்பு ஈடாகாது. அப்படி யாரேனும் பேசினால் தங்கள் மகன் நம்ப வேண்டாம்.

வருகைக் குறைவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய் விடியற்காலையில் பாசி எடுக்கப் போய்விட்டால், மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிடுவதை நம் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். வராத பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடாமல் வீடு வரை போய்க் கேட்பது அங்கும் நல்லது; அதற்கு நாலு வார்த்தை ஹங்கேரிய மொழி வேண்டும், அதை அவன் இப்போதே கற்கத் தொடங்கலாம். பிள்ளைகளின் படங்களை வாட்ஸப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஏற்றுவது கூடவே கூடாது. தொண்டு செய்கிறோம் என்னும் பெருமிதத்தில் நம்மவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

மிஷ்கோல்ட்ஸுக்கு அருகே ஷாயோகாசா என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. அம்பேத்கரின் எழுத்தால் ஈர்க்கப்பட்டுப் பௌத்தம் தழுவிய ரோமா மக்களும் அவர்களோடு நின்றவர்களும் 2007-இல் அதைத் தொடங்கினார்கள். புதிதாக ஒரு குழுவில் சேர்வதற்கு முன், ரோமா மக்களே முன்னின்று நடத்தும் இத்தகைய இடத்துக்கு ஒருமுறை போய், என்ன உதவி தேவை என்று அவர்களிடமே கேட்பது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: ரோமா மக்கள் நம் நாட்டிலிருந்து போனவர்கள் என்கிறார்களே? நம் நரிக்குறவர்களும் அவர்களும் ஒன்றா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: முதலாவது உண்மை. ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியாய்வும் மரபணு ஆய்வும் காட்டுகின்றன. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் ரோமானி மொழியும் இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்காக இருவரும் ஒரே மக்கள் ஆகிவிட மாட்டார்கள். ஹங்கேரி ரோமா மக்களில் பெரும்பாலோருக்கு இன்று ஹங்கேரிய மொழியே தாய்மொழி. பல தலைமுறைகளாக அந்த நாட்டுக் குடிமக்களாக வாழ்பவர்களிடம் போய் ‘நீங்கள் எங்கள் ஊர்க்காரர்கள்’ என்று சொந்தம் கொண்டாடினால், ‘இது உங்கள் நாடு அல்ல’ என்று அவர்களை விரட்டுவோருக்கு அது வசதியாகப் போய்விடும். மண்டபம் வாசகியின் மகனுக்கும் இது பொருந்தும்.